கிலோவில் சரி, பீஸில் குறை: பனியன் யூனிட்டில் நிர்வாகக் கட்டுப்பாட்டை அமைப்பது எப்படி

சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து இறங்கியாயிற்று. எடை சரியாக இருக்கிறது. பிராசஸ் லாஸ், அதாவது சாயமிடும்போது குறையும் எடை, 7.9 சதவீதம், பேசிய 8-க்குள்தான். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மட்டும் 160-க்குப் பதில் 168. ஐந்து சதவீதம் வரை கூடலாம் என்று ஆர்டர் கொடுத்த பையரே எழுதிக் கொடுத்திருப்பதால் குவாலிட்டி ஆளும் 'பாஸ்' போட்டுவிட்டார். எல்லாத் தாளிலும் கையெழுத்து இருக்கிறது. ஆனால் கட்டிங் முடியும்போது 10,000 பீஸ் ஆர்டருக்கு 9,800 பீஸ்தான் தேறுகிறது.

யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறித்தனமாக இருக்கவில்லை. அளக்க வேண்டியதை அளக்க வேண்டிய இடத்தில் யாரும் அளக்கவில்லை, அவ்வளவுதான். மேலாண்மைப் பாடத்தில் 'கட்டுப்படுத்துதல்' என்ற தலைப்பில் வருவது இந்த விஷயம்தான். ஹென்றி ஃபயோல் 1916-இல் நிர்வாகத்தின் ஐந்து வேலைகளை வரிசைப்படுத்தியபோது திட்டமிடல், அமைப்பாக்கம், ஆணையிடல், ஒருங்கிணைப்பு ஆகியவற்றுக்குப் பிறகு கடைசியாக வைத்தது இதை. அவர் எழுதிய பிரெஞ்சுச் சொல்லுக்கு அதட்டுவது, அடக்குவது என்ற பொருளை விட, போட்ட திட்டப்படி நடக்கிறதா என்று சரிபார்ப்பது என்ற பொருளே பொருத்தம். சூப்பர்வைசர் சத்தம் போடுவதைக் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கும் யூனிட்டுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அளவுகோல் வைப்பது, அளப்பது, ஒப்பிடுவது, காரணம் கண்டு திருத்துவது என்று படிகள் நான்கே. திருப்பூர் பாணியில் நூல் வாங்கி, வெளியே கூலிக்குக் கொடுத்து (ஜாப் ஒர்க்) நிட்டிங்கும் டையிங்கும் முடித்து, சொந்தத்தில் கட்டிங், தையல், பேக்கிங் செய்யும் ஒரு யூனிட்டை வைத்து இதைப் பார்க்கலாம். ஆர்டர்: 10,000 டி-ஷர்ட், சிங்கிள் ஜெர்சி, 160 ஜி.எஸ்.எம்.

முதலில் அளவுகோல்

'வேஸ்ட் குறைவாக இருக்க வேண்டும்' என்பது அளவுகோல் ஆகாது. எண், அலகு, பொறுப்பாளர், எந்த இடத்தில் அளப்பது என்ற நான்கும் இருந்தால்தான் அது அளவுகோல்.

ஒரு பீஸுக்குத் துணி எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குங்கள். எம் சைஸில் உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, மொத்தம் 104. அரை மார்பு 52, தையலுக்கு 4, மொத்தம் 56. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 104 × 56 × 2 = 11,648 சதுர செ.மீ. இதை 160-ஆல் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் 186.4 கிராம். கட்டிங் கழிவுக்கு 7 சதவீதம் சேர்த்தால் 199.4. ஆக, 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது எம் சைஸுக்கான கணக்கு. எல்லா சைஸுக்கும் இதே போல் போட்டு, ஆர்டரில் உள்ள விகிதப்படி சராசரி எடுக்க வேண்டும். கணக்கு புரிவதற்காக இங்கே சராசரியும் 200 என்றே கொள்வோம்.

தையலில் கழியும் பீஸுக்காக 3 சதவீதம் கூடுதலாக வெட்டினால் 10,300 பீஸ். தேவையான முடித்த துணி 2,060 கிலோ.

இங்கிருந்து நூலுக்குப் பின்னோக்கிப் போகும்போது நிறையப் பேர் தவறுகிறார்கள். டையிங் லாஸ் 8 சதவீதம் என்றால் 2,060-உடன் 8 சதவீதத்தைக் கூட்டி 2,225 கிலோ கிரே துணி (சாயமிடாத துணி) போதும் என்று எழுதிவிடுகிறார்கள். லாஸ் கணக்கிடப்படுவது அனுப்பிய எடையின் மேல், திரும்பி வந்த எடையின் மேல் அல்ல. எனவே 2,060-ஐ 0.92-ஆல் வகுக்க வேண்டும்: 2,239 கிலோ. இந்த ஒரு இடத்திலேயே 14 கிலோ கிரே துணி, அதாவது ஏறக்குறைய 65 பீஸ், தாளிலேயே தொலைந்துவிடுகிறது. நிட்டிங்குக்கு 2 சதவீதம் என்றால் 2,239-ஐ 0.98-ஆல் வகுத்து 2,285 கிலோ நூல்.

தையலுக்கு: இந்த பீஸின் சாம் (ஒரு பீஸ் தைக்க ஆக வேண்டிய நிலையான நேரம்) 8 நிமிடம், லைனில் ஹெல்பர் உட்பட 24 பேர், ஷிப்ட் 480 நிமிடம், திறன் 55 சதவீதம் என்றால் 24 × 480 ÷ 8 × 0.55 = 792 பீஸ். மணிக்கு 99. 10,300 பீஸுக்கு 13 நாள். திறனை ஆசைக்கு 70 என்று எழுத வேண்டாம். இதே மாதிரி பீஸ் ஓட்டிய கடைசி மூன்று ஆர்டரில் என்ன வந்ததோ அதை எடுத்துக்கொண்டு, முதல் இரண்டு மூன்று நாள் கை பழகும்வரை குறைவாகவே போடுங்கள். எட்டவே முடியாத இலக்கை எழுதிவைத்த லைனில் மூன்றாம் நாளிலிருந்து போர்டை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

பையரின் எல்லை வேறு, உங்கள் எல்லை வேறு

முதலில் சொன்ன கதைக்கு விடை இங்கேதான். 168 ஜி.எஸ்.எம். என்பது சரியாக 5 சதவீதம் கூடுதல். பையருக்கு அதில் ஒன்றும் இல்லை, கனமான துணிதானே கிடைக்கிறது. ஆனால் உங்களுக்கு ஒரு பீஸ் 200 கிராமிலிருந்து 210 கிராம் ஆகிறது. 2,060 கிலோவை 0.21-ஆல் வகுத்தால் 9,809 பீஸ். எடை குறையவில்லை, பரப்பு குறைந்துவிட்டது. சாயப்பட்டறையை பிராசஸ் லாஸை மட்டும் வைத்து மதிப்பிடும்வரை, துணியை இறுக்கமாக முடித்துப் பரப்பு குறைந்தாலும் எடைக் கணக்கில் அது தெரியாது. பெரும்பாலும் வேண்டுமென்றே செய்வதில்லை. சுருக்கப் பிரச்சினை வரக்கூடாது என்று காம்பாக்டிங்கில், அதாவது துணியை நீளவாக்கில் நெருக்கி முடிக்கும் வேலையில், கொஞ்சம் கூடுதலாக அழுத்தியிருப்பார்கள்.

அதனால் உள்ளே வைக்கும் எல்லை தனியாக இருக்க வேண்டும். பையருக்கு ஐந்து சதவீதம் என்றால் உங்கள் கட்டிங்குக்கு மேல்பக்கம் 2 சதவீதம், அதாவது 163. அதைத் தாண்டினால் துணி, அடுக்கடுக்காக விரித்து வெட்டும் லே மேசைக்குப் போகக்கூடாது, யாராவது உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

அளப்பது இப்படி. வட்டக் கட்டர் வெட்டும் துண்டு 100 சதுர செ.மீ. அதன் எடை கிராமில் 1.60 என்றால் 160 ஜி.எஸ்.எம். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். ஒவ்வொரு சாய லாட்டிலும் பத்தில் ஒரு ரோல், லாட் சிறியதானாலும் குறைந்தது மூன்று ரோல். ஒவ்வொன்றிலும் இடது, நடு, வலது என்று மூன்று துண்டு, ஓரத்தை விட்டுவிட்டு. கட்டருக்கு அடியில் இருக்கும் பேட் தேய்ந்திருந்தால் துண்டின் விளிம்பு பிசிறடித்து எண் மாறும். அதை யாரும் கவனிப்பதே இல்லை.

வண்டியிலிருந்து இறக்கியவுடன் அளக்காதீர்கள். பருத்தி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு, அதற்கென்று ஒத்துக்கொண்ட ஈர அளவே 8.5 சதவீதம். சரியாகக் காயாமல் வந்த துணி எடையும் கூடுதலாகக் காட்டும், ஜி.எஸ்.எம்-மும் கூடுதலாகக் காட்டும். மறுநாள் இரண்டும் இறங்கும். சரக்கோடு வரும் டெலிவரி சலானில் (டி.சி.) நேற்றைய எடைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வித்தியாசம் உங்கள் தலையில்தான். ரோலைப் பிரித்து ஒரு நாள் ஆறவிட்டு அளந்தால் சுருக்கமும் அடங்கியிருக்கும், எண்ணும் நம்பும்படி இருக்கும்.

163-ஐத் தாண்டிவிட்டால் என்ன செய்வது? சுருக்கச் சோதனையைப் பாருங்கள். பையர் 5 சதவீதம் அனுமதிக்க, துணி 2 சதவீதம்தான் சுருங்குகிறது என்றால், திரும்ப அனுப்பி காம்பாக்டிங்கைத் தளர்த்தி முடிக்கச் சொல்லலாம், பரப்பு திரும்பக் கிடைக்கும். சுருக்கம் ஏற்கெனவே 4.5 என்றால் அந்த வழி அடைபட்டுவிட்டது. அப்போது 10,300-க்கு 2,163 கிலோ வேண்டும், 103 கிலோ குறைகிறது என்று எழுதி, சாயப்பட்டறைக்கு டெபிட் நோட் போட்டு, அன்றைக்கே நூல் சொல்ல வேண்டும். அல்லது கூடுதல் வெட்டை 3-லிருந்து 1 சதவீதமாகக் குறைத்து, 61 கிலோ மட்டும் ஏற்பாடு செய்து, தையலில் கழிவு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த வழியானாலும் வெட்டுவதற்கு முன்பே தெரிந்தால் ஒரு வாரம், பத்து நாள் கையில் இருக்கிறது. வெட்டி முடித்த பிறகு தெரிந்தால் புது லாட்டின் ஷேடு பழைய லாட்டோடு ஒட்டாது.

வேலை தொடங்கும் முன் பிடிப்பது, நடக்கும்போதே பிடிப்பது, முடிந்தபின் பார்ப்பது என்று பாடத்தில் கட்டுப்பாட்டை மூன்றாகப் பிரிப்பார்கள். பணம் மிச்சமாவது முதல் வகையில். பெரும்பாலான யூனிட்டுகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பது மூன்றாவது வகைக்கு.

லே மேசை: நடக்கும்போதே பிடிக்கும் இடம்

மார்க்கர், அதாவது பேட்டர்ன்களை அடுக்கி வரைந்த தாள், நீளம் 5.50 மீட்டர், இரு முனைக்கும் சேர்த்து 4 செ.மீ., துணி அகலம் 1.80 மீட்டர், விரிக்கும் ஒரு அடுக்கில், அதாவது ஒரு மடிப்பில், 8 பீஸ். 5.54 × 1.80 × 160 = 1,595 கிராம் ஒரு மடிப்பு. ரோல் 22.70 கிலோ என்றால் 14 மடிப்பு விழுந்து ஏறக்குறைய 360 கிராம் எண்ட் பிட் மிஞ்ச வேண்டும்.

விரிக்கும்போது 13 மடிப்போடு நின்று 900 கிராம் மிஞ்சினால் துணி கனம். அந்த மிச்சத்தை எடை போட்டாலே 168 என்று தெரிந்துவிடும். 13 மடிப்போடு நின்று மிச்சமும் 300 கிராம்தான் என்றால் ரோல் சீட்டில் எழுதிய எடை பொய், அல்லது மடிப்புகள் நீளமாக விழுகின்றன. கட்டிங் மாஸ்டருக்கு இது உள்ளங்கை நெல்லிக்கனி போலத் தெரியும். ஆனால் லே சீட்டில் ரோல் எண், எடை, மடிப்பு எண்ணிக்கை, மிச்ச எடை என்ற நான்கு கட்டம் இல்லாவிட்டால் அந்த அறிவு மேசையோடு நின்றுவிடும்.

முனையில் விடும் துணியையும் டேப் வைத்து அளங்கள். 4 செ.மீ-க்குப் பதில் 10 செ.மீ. விட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மடிப்புக்கு 6 செ.மீ. என்பது 1.08 சதவீதம். மொத்த ஆர்டரில் 22 கிலோ, 110 பீஸ். மார்க்கரில் துணி பயன்படும் சதவீதம் கூடவில்லை என்று கட்டிங் மாஸ்டரை மட்டும் நெருக்கினால் அவர் வேறு வழி தேடுவார். பேட்டர்னை நெருக்கி அடுக்கி, தையல் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் சாப்பிட்டுவிடுவார். துணி மிச்சமாகும், மார்பளவு குறையும். அதனால் எந்த அளவுகோலுக்கும் ஒரு எதிர்க்கணக்கு வேண்டும்: மார்க்கருக்கு எதிராக வெட்டிய பாகத்தின் அளவு, பீஸ் ரேட்டுக்கு எதிராக ஆல்டர் பீஸ் (திருத்தித் தைக்க வேண்டியவை) எண்ணிக்கை, பிராசஸ் லாஸுக்கு எதிராக ஜி.எஸ்.எம்.

தையல் லைன்

மணிக்கு ஒரு முறை எண்ணிக்கையைப் போர்டில் எழுதுங்கள். இலக்கு 99, வந்தது 71 என்று எழுதினால் மட்டும் போதாது. பக்கத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம், அதில் 'ஆள் குறைவு', 'மெஷின்', 'ரிப் வரவில்லை', 'ஷேடு' என்று ஒரே சொல். 'ஸ்லோ' என்று எழுதவிடாதீர்கள், அது காரணமல்ல. மூன்று நாள் சேர்ந்தால் 11 மணிக்கும் 3 மணிக்கும் குறைவது கழுத்து ரிப் கட்டிங்கிலிருந்து தாமதமாக வருவதால் என்று தானே தெரியும். அதற்குத் தையல்காரரைத் திட்டுவதில் என்ன பயன்?

செக்கிங்கில் வேறொரு சிக்கல். ஒரு நாள் 5 சதவீதம் பழுது, மறுநாள் 7, அடுத்த நாள் 4.5. ஏறிய நாளெல்லாம் சத்தம், இறங்கிய நாளெல்லாம் டீ பார்ட்டி. இரண்டுமே வீண். 1924-இல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் இதற்குத்தான் கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கொண்டுவந்தார். தினமும் 400 பீஸ் பார்த்து, சராசரியாக 6 சதவீதம் பழுது வருகிறது என்றால், 0.06 × 0.94 ÷ 400-இன் வர்க்கமூலம் 0.0119. அதன் மூன்று மடங்கு 3.6 சதவீதம். ஆகவே 2.4-க்கும் 9.6-க்கும் இடையில் வருவது இந்த லைனின் இயல்பான ஆட்டம். அதற்குள் ஏறினாலும் இறங்கினாலும் தனிக் காரணம் தேட வேண்டாம். (6 சதவீதமே அதிகம் என்றால் அது லைனின் அமைப்பை மாற்ற வேண்டிய வேலை, ஆளைப் பிடிப்பதால் தீராது.)

400-இல் 46 பீஸ் பழுது என்று வந்தால் 11.5 சதவீதம். இது எல்லையைத் தாண்டியது, அன்றே தேட வேண்டும். பழுதைப் பிரித்தால் 27 பீஸ் பாட்டம் மடிப்பில். பண்டில் ஸ்டிக்கரை வைத்துப் பார்த்தால் அதில் 21 ஒரே பிளாட்லாக் மெஷினிலிருந்து. ஊசி முனை மழுங்கியிருந்தால் தையல் ஓரமாகச் சின்னச் சின்ன ஓட்டை, லூப்பர் நூல் இழுப்பு தளர்ந்திருந்தால் அடிப்பக்கம் தொளதொளப்பு. ஊசியை மாற்றி, இருபது பீஸ் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் லைனை விட வேண்டும். ஸ்டிக்கரில் ஆபரேட்டர் எண் இல்லாத யூனிட்டில் இந்த இருபது நிமிட வேலை இரண்டு நாள் ஆகும்.

கடைசி ஆய்வு, அதாவது ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க பழுது அளவு) 2.5-இல் 10,000 பீஸுக்கு 200 பீஸ் எடுத்து, 10 பழுது வரை ஏற்பு, 11 என்றால் நிராகரிப்பு, சரக்கை அனுப்பலாமா வேண்டாமா என்று மட்டும் சொல்லும். அதை வைத்து லைனை நடத்த முடியாது.

எண்ணிக்கையைக் கோத்துப் பார்ப்பது

வெட்டியது, லைனுக்கு ஏற்றியது, தைத்தது, செக்கிங் பாஸ், ஆல்டர், ரிஜெக்ட், பேக் செய்தது. இந்த ஏழும் தினமும் ஒரே தாளில், சைஸ்வாரியாக. சைஸ்வாரி என்பதுதான் முக்கியம். மொத்தம் 10,120 இருக்கும், எக்ஸ்எல் மட்டும் 60 குறையும். பெட்டி கட்டும் நாளில்தான் அது தெரியவரும். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று யாராவது கையால் காட்ட வேண்டும், 'லைனில் இருக்கும்' என்ற பதிலை ஏற்காதீர்கள். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்குக்கும் இதே போல டி.சி-வாரியாக நிலுவைப் பட்டியல் வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பதால் பழைய டி.சி-க்கள் கணக்கரையும் துரத்தும்.

நூல் கண்டு, லேபிள், பாலிபேக் இவற்றை இப்படி எண்ணத் தேவையில்லை. மாதம் ஒருமுறை மொத்த இருப்பைப் பார்த்தால் போதும். பணத்தில் பாதிக்கு மேல் துணியில் இருக்கும்போது தையல் நூலின் மீட்டர் கணக்குக்கு ஓர் ஆள் வைப்பது வீண் செலவு.

ரூபாயில் ஒப்பிடும்போது

துணிச் செலவு 2,060 கிலோ, கிலோ 450 ரூபாய் என்று போட்டிருந்தீர்கள்: 9,27,000. ஆனது 2,150 கிலோ, 440 ரூபாய்: 9,46,000. கூடுதல் 19,000, சதவீதம் இரண்டுதான், விட்டுவிடலாம் என்று தோன்றும். பிரித்துப் பாருங்கள். விலையில் கிலோவுக்கு 10 ரூபாய் வீதம் 21,500 லாபம். பயன்பாட்டில் 90 கிலோ, 450 வீதம் 40,500 நஷ்டம். கொள்முதல் ஆள் பாராட்டு வாங்க, கட்டிங் ஆள் திட்டு வாங்குவார். உண்மையில் மலிவாக வந்த அந்தத் துணியிலேயே அகலம் சீராக இல்லாமல் கழிவு கூடியிருக்கலாம். ஆகவே இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

ஒப்பிடும்போது வெட்டிய எண்ணிக்கைக்கு ஏற்ப பட்ஜெட்டையும் மாற்றுங்கள். பையர் 9,000 ஆகக் குறைத்துவிட்டால், 10,300-க்குப் போட்ட 2,060-உடன் ஒப்பிட்டு 'மிச்சம்' என்று மகிழ்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

யார் எதைப் பார்ப்பது

எல்லா விலகலும் முதலாளி மேசைக்கு வந்தால் எதுவும் நகராது. 2 சதவீதத்துக்குள் சூப்பர்வைசரே திருத்தட்டும், எழுதிவைத்தால் போதும். 2 முதல் 5 வரை ஃப்ளோர் மேனேஜர், அன்றைக்குள். 5-க்கு மேல், அல்லது ஷிப்மெண்ட் தேதியைத் தொடும் எதுவும், உடனே போன். தையலையும் துணியையும் ஒரே அளவில் வைக்க வேண்டாம். ஒரு மணி நேர உற்பத்தி 5 சதவீதம் குறைவது சகஜம், துணியில் 5 சதவீதம் என்றால் லாபமே போயிற்று.

அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஜி.எஸ்.எம். பதிவை ஸ்டோரும், லே சீட்டின் எடையை கட்டிங் சாராத ஒருவரும் எழுதட்டும்.

காலையில் பத்து நிமிடம் நின்றபடியே ஒரு கூட்டம். நேற்று எல்லை தாண்டியவை மட்டும். ஒரு நோட்டில் தேதி, விலகல், காரணம், என்ன செய்வது, யார், எந்தத் தேதிக்குள், பலித்ததா என்று ஏழு கட்டம். கடைசிக் கட்டம் காலியாகவே கிடந்தால் அதே பழுது அடுத்த மாதம் வேறு கையெழுத்தில் திரும்ப வரும்.

சரக்கு போன ஏழு நாளுக்குள் ஆர்டரை முடித்த தாளை எழுதிவிடுங்கள்: பீஸுக்குத் துணி எத்தனை கிராம், பிராசஸ் லாஸ் எவ்வளவு, லைன் திறன் எவ்வளவு, வெட்டியதில் எத்தனை சதவீதம் ஷிப் ஆனது. ஐந்து ஆர்டரில் தொடர்ந்து டையிங் லாஸ் 9 வந்திருந்தால் 8 என்ற அளவுகோலை மாற்ற வேண்டும், அல்லது பட்டறையை மாற்ற வேண்டும். அடுத்த விலை கேட்டு வரும் மெர்ச்சண்டைசர் கையில் பழைய காஸ்டிங் தாளுக்குப் பதில் இந்தத் தாளைக் கொடுங்கள்.